எண்ணிக்கை சரியாக இருந்தது

நவம்பர் 8, சனி

தினமும் எழுத வேண்டும் என்பது டாக்டர் போட்ட நிபந்தனை. தூக்க மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மீதிப் பாதிக்கு மலையையும் நோட்டையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். "பத்து நாள் நடங்க டீச்சர். மனசுல பட்டத எழுதுங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றார். இருபத்தாறு வருஷம் மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தவளுக்கு இப்போது வீட்டுப்பாடம். சரி, எழுதிக் கிழிப்போம்.

பாளையங்கோட்டையில் விடிவதற்கு முன் பஸ் ஏறி, மதுரையில் மாறி, வத்தலக்குண்டில் மாறி, கடைசியில் ஒரு ஜீப்பில் எலும்பெல்லாம் கழன்று விழ வந்து சேர்ந்தபோது மணி நாலரை. வாசலில் 'இயற்கையே மருந்து' என்று பெரிய பலகை. அதற்கு நேர் கீழே முதலுதவிப் பெட்டி தொங்குகிறது. முகாம் நடத்துகிற பிலவேந்திரன் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவராம். ஐந்து நிமிஷம் பேசினால் யாருக்கும் அது தெரிந்துவிடும். வந்தவர்களுக்கெல்லாம் ஒரே அளவில், ஒரே மஞ்சள் நிறத்தில் மழைக்கோட்டு கொடுத்தார். எனக்கு அது கணுக்கால் வரை வருகிறது.

நடக்க வந்தவர்கள் ஏழு பேர். மதுரையிலிருந்து ஒரு கணவன் மனைவி, சென்னையிலிருந்து இரண்டு சிநேகிதர்கள், கோயம்புத்தூர்க்காரர் ஆறுச்சாமி, நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஜெசிந்தா, நான். பிலவேந்திரனையும் வழிகாட்டி செவனம்மாவையும் சேர்த்தால் ஒன்பது. செவனம்மா இந்த மலையிலேயே பிறந்தவள், நாற்பது வயதிருக்கும், ரப்பர் செருப்போடு நடக்கிறாள்.

எனக்குத் தூக்கக் குறைவு, அவ்வளவுதான். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் அதைப் பெரிதாக்கி மெடிக்கல் லீவு போட வைத்துவிட்டார்.

நவம்பர் 9, ஞாயிறு

முதல் நாள் நடை. காடு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. அங்கே நின்று எல்லோரையும் ஆளுக்கொரு கல் எடுத்து வைக்கச் சொன்னாள் செவனம்மா. திரும்பி வரும்போது அவரவர் கல்லை அவரவர் எடுத்துவிட வேண்டும். பாறையில் கல் மிஞ்சினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தமாம். இங்கே தேனுக்கும் விறகுக்கும் போகிறவர்கள் எல்லோரும் இப்படித்தானாம்.

எதற்கு இந்தச் சுற்றி வளைத்தல், போகும்போது எண்ணி வரும்போது எண்ணினால் முடிந்ததே என்றேன். 

"காட்டுக்குள்ள ஆள எண்ணக்கூடாது டீச்சரம்மா. எண்ணுனா வேற யாராச்சும் வந்து சேந்துக்குவாக."

நல்ல கதை. நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. அது என் இஷ்டமில்லை. சுற்றுலா, விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி என்று இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளின் தலையை எண்ணி எண்ணி, நாலு பேர் வரிசையாக நின்றாலே வாய் தானாக முணுமுணுக்கிறது. முதல் ஏற்றம் முடிந்து எல்லோரும் தண்ணீர் குடிக்க நின்றபோது எண்ணினேன்.

பத்து.

மறுபடி எண்ணினேன். பத்து. என்னை இரண்டு தடவை எண்ணியிருப்பேன்.

நவம்பர் 10, திங்கள்

நாலு மணி நேரம் தூங்கினேன். கால் வலி உயிர் போகிறது. மதியம் கேப்பைக்களி.

நவம்பர் 11, செவ்வாய்

இன்று ஓடை வரை. உண்மையைச் சொல்ல வேண்டும், இடம் நன்றாக இருக்கிறது. தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கடைசியாக எப்போது சும்மா உட்கார்ந்தேன் என்று நினைத்துப் பார்த்தால் ஞாபகமே இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் தங்கை கஸ்தூரி, அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவள் வீட்டுக்காரருக்குப் போன் போடுவாள்.

இன்றும் பத்து. வாய்விட்டு எண்ணிவிட்டேன் போலிருக்கிறது, ஆறுச்சாமி பிடித்துக்கொண்டார். "ஏனுங் டீச்சர், கணக்கு டீச்சருக்கே கணக்கு உதைக்குதுங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செவனம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஓடையைத் தாண்டும்போது பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

டாக்டரிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதலாம் என்று நினைக்கிறேன், இந்த நோட்டை அவரும் பார்க்கப் போவதில்லை. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். ஜூன் மாதத்திலிருந்து வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போதெல்லாம் ஒரு தலை கூடுதலாக வருகிறது. பெயரைக் கூப்பிட்டால் சரியாக இருக்கும். தலையை எண்ணினால் ஒன்று அதிகம். ஒருநாள் பதினோரு தடவை எண்ணினேனாம், பிள்ளைகள் பயந்துபோய் ஹெட்மிஸ்ட்ரஸைக் கூட்டி வந்துவிட்டார்கள். கண்ணாடி பவர் மாறியிருக்கும்.

நவம்பர் 12, புதன்

மழை. நடை இல்லை. சாக்ஸ் மூன்று நாளாகக் காயவில்லை, சமையல்கட்டு அடுப்புக்கு மேலே கட்டிப் போட்டேன். சாம்பாரில் வாசம் இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. அட்டை கடித்த இடம் அரிக்கிறது.

ஆனால் தூங்கினேன்! ஏழு மணி நேரம். நடுவில் ஒரு தடவைகூட முழிக்கவில்லை. எழுந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்கக் கழுவி வைத்த மாதிரி இருந்தது. இரண்டு தட்டு இட்லி சாப்பிட்டேன். உடம்பு இப்படி லேசாகி நாலு வருஷம் இருக்கும். பிலவேந்திரனுடைய பலகை பொய்யில்லை போலிருக்கிறது. அவரிடம் சொல்லமாட்டேன், தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்.

ஜெசிந்தாவும் நானும் ஒரே அறை. அதிர்ந்து பேசாத பெண். பன்னிரண்டு வருஷம் ஆஸ்பத்திரி வேலை பார்த்துவிட்டு, ஒருநாள் காலையில் சீருடை பட்டனைப் போட முடியாமல் கை நின்றுவிட்டதாம். பட்டனைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாளாம். என்னிடம், நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாள். தூக்கம் என்றேன். தூக்கம் ஏன் போச்சு என்றாள். நர்ஸுகளிடம் இதுதான் தொல்லை.

அதனால் சொன்னேன். நாலு வருஷத்துக்கு முன் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போனோம். திரும்பும் வழியில் மலைப்பாதையில் டீக்கு நிறுத்தினார்கள், நல்ல மூடுபனி. ஒரு பிள்ளை யாரிடமும் சொல்லாமல் இறங்கி ஒதுங்கப் போயிருக்கிறாள். எனக்குத் தெரியாது. நான் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன், நாற்பத்திரண்டு, எண்ணிக்கை சரியாக இருந்தது. பஸ் கிளம்பிவிட்டது. இரண்டாம் நாள்தான் அவளைப் பள்ளத்து ஓடையில் கண்டெடுத்தார்கள். டிரைவர் தனக்குத் தெரிந்த மலைக்காரப் பெண் ஒருத்தியை அடிவாரத்தில் இறக்கிவிடலாம் என்று கடைசி சீட்டில் ஏற்றியிருந்தான், எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பிள்ளைகளோடு பிள்ளையாக அவளும் தூங்கிக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டாவது தலை அவளுடையது. விசாரணையில் என் மேல் தப்பில்லை என்றே எழுதினார்கள்.

ஜெசிந்தா அந்தப் பிள்ளையின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டாள். சாக்ஸ் கருகுகிற வாசம் வந்ததால் எழுந்து போய்விட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பாறை, வெயிலில் காய்ந்து கிடந்தது. தண்ணீரைத் தாண்டி வந்தவர்களின் ஈரத்தடம் அதில் வரிசையாக இருந்தது. எல்லாம் ஷூ தடம், ஒன்று செவனம்மாவின் ரப்பர் செருப்பு. ஓரமாக ஒரு தடம் வெறுங்கால். சின்னது. ஐந்து விரலும் பதிந்திருந்தது.

நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே காய்ந்துவிட்டது. யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு எதைக் காட்டுவது?

பயமாக இருந்தது. எழுதிவிட்டேன், இருந்தது.

அந்தப் பிள்ளையின் செருப்பு பஸ்ஸிலேயே இருந்தது என்று விசாரணையில் சொன்னார்கள். ஊதா நிறம், சீட்டுக்கு அடியில்.

நவம்பர் 14, வெள்ளி

இன்று பள்ளியில் குழந்தைகள் தினம். மிட்டாய் கொடுத்திருப்பார்கள். நடக்கவில்லை, தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

நவம்பர் 15, சனி

எழுத்து கோணலாகத்தான் வரும்.

இன்று உச்சி வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். போகும்போது நல்ல வெயில். மேலே கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம், மதுரைக்காரர் பாடக்கூடச் செய்தார். இரண்டு மணிக்கு மேல் மூடுபனி இறங்கியது. தூறலும் சேர்ந்துகொள்ள, எல்லோரும் மஞ்சள் கோட்டை மாட்டி அதன் தலைமூடியை இழுத்து விட்டுக்கொண்டோம். மதுரைக்கார அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டதால் பிலவேந்திரன் அவரைத் தாங்கிக்கொண்டு நடுவில் வந்தார். முன்னால் செவனம்மா. கடைசி ஆளாக நான். நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன், டீச்சர் எப்போதும் கடைசியில்தான் நடக்க வேண்டும். எனக்கு முன்னால் ஜெசிந்தா.

பாதை ஒரு ஆள் அகலம். இடது பக்கம் சரிவு, கீழே ஓடைச் சத்தம். கோட்டுக் கயிறு கழுத்தில் சிக்கிக்கொண்டது, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே நடந்தேன். ஜெசிந்தா நின்று என்னிடம் ஏதோ சொன்னாள். "ம்ம், சீக்கிரம் வா" என்றேன். இப்போது ஞாபகம் வருகிறது. அப்போது என் கவனமெல்லாம் கயிற்றில்.

கொஞ்ச தூரம் போனதும் முன்னாலிருந்து ஆறுச்சாமி குரல் கொடுத்தார். "டீச்சர், இன்னைக்குக் கணக்கு எத்தனைங்க?"

எண்ணினேன். பனியில் மங்கலாக, ஒன்றன் பின் ஒன்றாக மஞ்சள் முதுகுகள். எனக்கு முன்னால் எட்டு. என்னோடு ஒன்பது.

"ஒன்பது!" என்றேன். "சரியா இருக்கு!"

எல்லோரும் கை தட்டினார்கள். ஆறுச்சாமி, மலை டீச்சருடைய கணக்கைச் சரிபண்ணிவிட்டது என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக எண்ணிக்கை சரியாக வருகிறது. தூக்கம் வந்துவிட்டது, பசி வந்துவிட்டது, கணக்கும் வந்துவிட்டது, திங்கட்கிழமை ஊருக்குப் போய் வகுப்பில் நிற்கலாம். சந்தோஷத்தில் கால் வலிகூடத் தெரியவில்லை. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த மஞ்சள் கோட்டிடம் அதைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே நடந்தேன். பதில் இல்லை. ஜெசிந்தா எப்போதும் அதிகம் பேசமாட்டாள் என்று விட்டுவிட்டேன்.

கால் மணி நேரம் போயிருக்கும். பாதையில் ஒரு சேற்றுக் குழி வந்தது. முன்னால் போன ஆள் அதை மிதித்துத் தாண்டியது. நான் காலை வைக்கப் போய்க் கீழே பார்த்தேன். சேற்றில் வெறுங்கால் தடம்.

அந்த இடத்தில் நின்று ஒன்றாம் வகுப்புக் கணக்கைப் போட்டேன். நடந்த நாளெல்லாம் பத்து. இன்று ஒன்பது. பத்தில் ஒன்று போனால்தான் ஒன்பது. அந்தக் கூடுதல் தலை இன்றும் கூடவே இருக்கிறது. அப்படியானால் போனது யார்?

"ஜெசிந்தா!" என்று கத்தினேன். எனக்கு முன்னால் போன மஞ்சள் கோட்டு திரும்பவில்லை. பனி அடர்ந்து வந்து அதை மூடியது. விலகியபோது அந்த இடத்தில் வெறும் பாதைதான் இருந்தது.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். பிலவேந்திரன், என்ன டீச்சர், இப்போதுதானே சரி என்றீர்கள் என்றார். சென்னைப் பையன்களில் ஒருவன் தானும் எண்ணத் தொடங்கினான். செவனம்மா அவன் வாயைக் கையால் பொத்தினாள். எல்லோரையும் தலைமூடியைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்து நின்றாள்.

"அந்த நர்ஸம்மா எங்க?"

தெரியாது என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. பழகிய சொல்தானே. நாலு வருஷமாக அதை வைத்துத்தானே பிழைக்கிறேன். கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு, "ஒதுங்கணும்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா. நான் மறந்துட்டேன்" என்றேன்.

"எந்த எடத்துல?"

கயிறு சிக்கின இடம் ஞாபகம் இருந்தது. பாதை வளைகிற இடத்தில் ஒரு பட்டமரம். செவனம்மா அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஓடினாள். நானும் ஓடினேன். ஐம்பது வயதில், கணுக்கால் வரைக்கும் தொங்குகிற கோட்டோடு, அப்படி ஓடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பிலவேந்திரன் கயிற்றோடு பின்னால் வந்தார்.

பட்டமரத்துக்குக் கீழே, பாதையிலிருந்து சறுக்கி விழுந்து, பதினைந்தடிப் பள்ளத்தில், ஓடைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையில் ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். வலது கால் திரும்பிக் கிடந்தது. உதடெல்லாம் நீலம். நான் மேலேயிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. செவனம்மா இறங்கிப் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாள். மேலே கொண்டுவந்து சேர்க்க ஒரு மணி நேரம் ஆனது. இன்னும் கொஞ்சம் இருட்டியிருந்தால் தேடியிருக்கவே முடியாது, மழையில் விடியும் வரை தாங்கியிருக்கமாட்டாள் என்று பிலவேந்திரன் சொன்னார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

ஜீப் வரும் வரை ஜெசிந்தாவின் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். ஏன் பதில் குரல் கொடுக்கவில்லை என்று கேட்டேன். முதலில் நிறையக் கத்தினாளாம், ஓடைச் சத்தத்தில் தொண்டைதான் போனதாம். அப்புறம் சொன்னாள்.

"எதிர்ப்பக்கத்து வளைவுல கொஞ்சம் பனி விலகிச்சு டீச்சர். நீங்க எல்லாரும் வரிசையா போறது தெரிஞ்சுது. நான் எண்ணினேன். ஒம்பது பேரு போனீங்க. நான் இங்க கிடக்கேன், அங்க ஒம்பது பேரு. அப்போ நான் உங்ககூட போயிட்டேன் போல, இங்க இருக்கது நான் இல்லன்னு தோணிச்சு. அதுக்குப் பொறவு கத்தல."

நவம்பர் 16, ஞாயிறு

ஜெசிந்தாவுக்குக் கணுக்கால் எலும்பு முறிவு, வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டாயிற்று. போனில் பேசினாள். இட்லி கேட்டாளாம், கொடுத்தார்களாம்.

நான் முகாமுக்குப் பின்னால் உள்ள மேட்டில் காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். எதிரே நாலு மலை, ஒன்றுக்குப் பின் ஒன்று. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார், கல்வி அதிகாரி கேட்டார், போலீஸ் கேட்டது, அவர்களுக்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். இந்த மலை ஒன்றும் கேட்காமல் எதிரே நிற்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையை நாலு வருஷம் நடத்திவிட்டேன்.

அவள் பெயர் மாரிக்கனி. வகுப்பில் மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். பின்னக் கணக்கு வராது, வராவிட்டாலும் கையைத் தூக்குவாள்.

அவள் சொல்லிவிட்டுத்தான் போனாள். டீக்கடை வாசலில் நான் கஸ்தூரியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன், சொத்து விஷயமாக ஏதோ சண்டை. மாரிக்கனி என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், ஒதுங்கிட்டு வந்துருதேன்." நான் அவளைப் பார்க்காமலே தலையை ஆட்டினேன். "சீக்கிரம் வா."

பிறகு பஸ்ஸில் ஏறி எண்ணினேன். மூன்றாவது சீட்டுக்கு அடியில் ஊதாச் செருப்பு இருந்தது. பார்த்தேன். இது யாருடையது என்று ஒரு நொடி தோன்றியது. கடைசி சீட்டில் போர்வை மூடிய தலையைத் தொட்டதும் நாற்பத்திரண்டு வந்துவிட்டது. எண்ணிக்கை சரியாக இருந்ததால் மற்ற எதையும் நம்பவில்லை.

விசாரணையில், "என்னிடம் சொல்லாமல் போய்விட்டாள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். ரசம், அப்பளம். அதுகூட ஞாபகம் இருக்கிறது.

நவம்பர் 17, திங்கள்

கிளம்புவதற்கு முன் செவனம்மா வந்து கூப்பிட்டாள். தட்டைப் பாறைக்குப் போனோம். சனிக்கிழமை அவரவர் கல்லை எடுத்தாயிற்று, ஜெசிந்தாவுடையதைச் செவனம்மாவே எடுத்து அவள் கையில் கொடுத்து அனுப்பினாள். ஆனாலும் பாறையின் ஓரத்தில் ஒரு கல் இருந்தது. கூழாங்கல், வெள்ளை, சின்னது.

"இது மொத நா சாயங்காலமே மிஞ்சுச்சு டீச்சரம்மா. சொன்னா நீங்க பயந்துருவீகன்னு சொல்லல. ஆளு வராம கல்ல எடுத்தா அந்த ஆளக் காட்டுல விட்டுட்டு வந்ததா ஆயிரும். யாரு கூட வந்துச்சோ அவுகதான் கூப்புடணும்."

கூப்பிட வேண்டும் என்றால் எப்படி என்று நான் கேட்கவில்லை. பாறைக்கு முன்னால் நின்று காட்டைப் பார்த்து, "மாரிக்கனி, வா, வீட்டுக்குப் போவோம்" என்றேன். மறுபடி சத்தமாகச் சொன்னேன். காற்றே இல்லை. ஓரத்தில் ஒரு செடி மட்டும் விலகி, பிறகு நேரானது.

கல்லை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஜீப்பில் என் பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை. ஆறுச்சாமி தன் பையை அங்கே வைக்க வந்தவர் என்ன நினைத்தாரோ, மடியிலேயே வைத்துக்கொண்டார்.

நவம்பர் 19, புதன்

நேற்று முழுக்கக் காய்ச்சல் மாதிரி இருந்தது. இன்று காலை கஸ்தூரி தடுத்தும் கிளம்பினேன்.

மாரிக்கனியின் ஊருக்கு டவுன் பஸ். பெண்களுக்கு இலவசச் சீட்டு. கண்டக்டர் என்னிடம் வந்தார், ஒரு பார்வை பார்த்தார், இரண்டு சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் திருப்பிக் கொடுக்கவில்லை. ஜன்னல் ஓரம் காலியாக விட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு ஜன்னல் பிடிக்கும்.

அவள் அம்மா முத்துப்பேச்சி வாசல் நடையில் உட்கார்ந்து மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. வாங்க டீச்சர் என்றார், எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. வழி முழுக்கத் தயாரித்து வைத்திருந்த பேச்செல்லாம் போய்விட்டது. இரண்டு வாக்கியம்தான் சொல்ல முடிந்தது.

"அம்மா, மாரிக்கனி எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா. நான்தான் மறந்துட்டு, அவ சொல்லலன்னு பொய் எழுதிக் குடுத்தேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முறத்தை மெதுவாக இறக்கிக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும் டீச்சர். தெருக்கோடிக் கடைக்குப் போனாலும் நாலு தடவ சொல்லிட்டுப் போற பிள்ள அது. நாலு வருசமா இந்தத் தெருவுல எம்பிள்ளைக்கு 'சொல்லாமப் போனவ'ன்னு பேரு. பிள்ளைகள வையும்போதுகூட, மாரிக்கனி மாரி சொல்லாமப் போவாதட்டின்னுதான் வையுதாவ. நான் இல்லன்னு சொன்னா யாரு நம்புதா?"

அப்புறம் எழுந்து சேலையை உதறிச் செருகிக்கொண்டார்.

"எங்கிட்ட சொன்னது போதாது. வாங்க, வீட்டுக்கு வீடு சொல்லுங்க."

என் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப் போனார். ஒவ்வொரு வாசலிலும் நின்றேன். குக்கர் சத்தத்துக்கு நடுவே சொன்னேன், டிவியை அணைக்கச் சொல்லிச் சொன்னேன், காது கேட்காத ஒரு பெரியவரிடம் மூன்று தடவை சொன்னேன். சிலர் திட்டினார்கள். ஒரு வீட்டில், "நீயெல்லாம் டீச்சரா" என்று ஒரு பெண் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்கும் முத்துப்பேச்சி என்னைச் சொல்ல வைத்தார். எத்தனை வீடு என்று எண்ணவில்லை. கடைசி வீட்டில் என் குரல் போய்விட்டது, அவர் காத்திருந்தார், வந்த பிறகு சொன்னேன்.

திரும்பி அவர் வீட்டு வாசலுக்கு வந்ததும் கைப்பையிலிருந்து அந்தக் கல்லை எடுத்துக் கொடுத்தேன். என்ன கல், எந்தக் காடு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். நாளைக்குக் கல்வி அலுவலகத்துக்கும் போய் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். வேலை போகும் டீச்சர் என்றார். போகட்டும் என்றேன். அவர் உள்ளே போனார். யாரையோ உள்ளே வரவிட்டுச் சாத்துகிற மாதிரி, கதவைச் சற்று நேரம் திறந்தே பிடித்திருந்துவிட்டுச் சாத்தினார்.

திரும்பும் பஸ்ஸில் அதே கண்டக்டர். ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நின்றார்.

"காலையில கூட வந்த பாப்பா எங்கம்மா?"

"அவ வீட்டுல விட்டுட்டு வாறேன்" என்றேன்.

அவர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். பஸ்ஸில் என்னோடு எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரியாது. ஜன்னல் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, ஊர் வரும் வரை அழுதேன்.